காலில் ஒட்டிய மண்

கூட்டமே கைதட்டியபோது லூர்து மேரி மட்டும் கையை மடியை விட்டு எடுக்கவில்லை.

மேடையில் பேசிக்கொண்டிருந்தது அவள் புருஷன் தனசீலன். கார்ப்பரேஷன் எலெக்‌ஷன். தாராவிச் சாக்கடையோரம் கீரை போடுகிறவனுக்கு மாலை, மைக், வாடகை ஜீப். இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ஆண்டவர் தருகிறார் என்பான். ஆண்டவர் யாருக்கும் ஜீப் கொடுத்து அவள் கேள்விப்பட்டதில்லை.

அவள் சந்தேகமெல்லாம் மேடையோரம் நின்ற கிட்டுவின் மேல்தான். மாட்டுங்கா ஆபீஸ் குமாஸ்தா. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தினமும் தாராவிச் சந்துக்குள் வந்து, இலவசமாகப் பேச்சு சொல்லிக்கொடுப்பானேன்?

பேச்சு பூராவும் ஒரு அமெரிக்கக்காரனின் கதை. போன நூற்றாண்டு ஆளாம். மீசை முளைக்கும் முன்பே ஏர் பிடித்தவன். ஊருக்கு ஒரு பாலம் கேட்டு அலைந்து அலைந்து, கடைசியில் தானே சட்டசபைக்குப் போய்விட்டான். மூன்று தடவை ஜெயித்தும் அறுப்பு வந்தால் ஊரில்தான் இருப்பான். செத்ததுகூடச் சோளக்காட்டில்தான்.

டைபாய்டு காய்ச்சலில் கிடந்தபடி இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே மனப்பாடம்.

ஒருநாள் பாயிலிருந்தே கேட்டாள். "அந்த ஆளு சபைக்குப் போயிட்டா, தோட்டத்துக்குத் தண்ணி யாரு பாய்ச்சுவா?"

கிட்டு சிரித்தான். தனசீலன் சிரிக்கவில்லை.

தோட்டம் அவள் அப்பா சதுப்பைத் திருத்தி அவளுக்கு விட்டுப்போனது. அதுதான் அவர்களுக்குச் சோறு. இனி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார். முளைக்கீரை விதையை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

மேடையில் கதை உச்சத்துக்கு வந்தது. மண் காலோடு சபைக்குள் நுழைந்தவனைப் பார்த்து கோட்டுக்காரர்கள் சிரித்தார்களாம். என்னை இங்கே அனுப்பியதே இந்த மண்தான் என்றானாம் அவன்.

தனசீலன் வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினான். "நானும் தோட்டத்துலேருந்துதான் நேரா வாரேன்."

விசில் பறந்தது. கிட்டு கண் கலங்கிக் கைதட்டினான். கதையை நம்பிய மனுஷனின் கண் அது. இவரைப் போய் சந்தேகப்பட்டோமே என்று லூர்து மேரிக்கு வெட்கமாகிவிட்டது. அவளும் கைதட்டப் போனாள்.

அப்போதுதான் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கால்களைச் சரியாகப் பார்த்தாள்.

கணுக்கால் வரை சிவப்பு.

அவர்கள் தோட்டத்து மண் தார் மாதிரிக் கறுப்பு. ரெண்டு மாசம் பாயில் கிடந்தும் அவள் குதிகால் வெடிப்பில் இன்னும் அது போகவில்லை. சிவப்பு மண்ணை இந்தப் பக்கம் லாரியில் கொண்டுவந்து கொட்டுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். பள்ளத்தை மூடிக் கட்டடம் எழுப்ப.

ஜீப் வந்த வழி தெரிந்துவிட்டது.

முந்தானை முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். தனசீலன் பொய் சொல்லவில்லை. தோட்டத்திலிருந்துதான் நேராக வந்திருந்தான்.