இரண்டு விநாடி முந்தி

கல்லறைத் திருநாள் விடுமுறை. சிஞ்சு நகரின் ஓர் உலோக ஆய்வகத்தில் பெய்யூனும் அவளுடைய இளைய சகா யிசுவானும் மட்டும் இருந்தார்கள். ஐந்து உலோகங்களைச் சமமாகக் கலந்து உருக்கிய மெல்லிய துண்டு நுண்ணோக்கிக்குள் இருந்தது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் அதை இழுக்கும். அணு வரிசைகள் சறுக்குவது திரையில் தெரியும்.

அன்று வரிசைகள் சறுக்கி இரண்டு விநாடி கழித்துத்தான் பெய்யூன் பொத்தானை அழுத்தினாள்.

"தூக்கக் கலக்கமா அக்கா? எப்ப அழுத்துனீங்கன்னே தெரியலையா?" என்று யிசுவான் சிரித்தாள்.

மூன்று துண்டுகளை மாற்றினார்கள். ஒவ்வொன்றும் சரியாக இரண்டு விநாடி முந்தியது. யிசுவான் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அடுத்ததை நான் அழுத்தவே போறதில்ல. என்ன பண்ணுதுன்னு பாப்போம்" என்று பெய்யூன் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் துண்டு அசையவில்லை. பெய்யூனுக்கு மூச்சு சீரானது.

"கருவியோட கடிகாரக் கோளாறுதான். வா, சாப்பிடலாம். கறிச்சோறு ஆறிப்போச்சு."

கதவருகே போன யிசுவான் திரும்பிப் பார்த்து பெய்யூனின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, சறுக்குது."

இருவரும் வாசலிலேயே நின்றார்கள். ஒரு விநாடி போனது. இன்னொன்றும் போனது.

காலி நாற்காலிக்கு எதிரே, பொத்தான் மெல்ல உள்ளே அமுங்கியது.