பரண் வழி

"மழை வர்ற மாதிரி இருக்கு. மாடி கட்ட எறக்குன சிமெண்ட் மூட்டையெல்லாம் வாசல்லயே கெடக்குது. ஹாலுக்குள்ள தூக்கி வச்சிடுங்க."

"முதுகு வலிக்குது ஜெயா" என்றான் இளவழகன்.

"அப்படின்னா கம்ப்யூட்டர் ரூம் பக்கமும் போவாதீங்க."

அறைக் கதவில் பூட்டை மாட்டிவிட்டு, ஜெயசித்ரா அரியலூர் பஸ் ஏறிவிட்டாள்.

இளவழகன் சிரித்தான். கல்லூரி நாளிலிருந்து அவன் விளையாடும் பழைய கேம்களில் எந்த அறைக்கும் ஒரே வழி கிடையாது. பெட்டி மேல் பெட்டி அடுக்கி ஏறலாம், காற்றுக்குழாய்க்குள் தவழலாம், காவலாளியின் தலைக்கு மேலேயே போய்விடலாம். இங்கே ஹாலுக்கும் அந்த அறைக்கும் நடுவில் இரண்டு பக்கமும் திறந்த பரண் இருந்தது.

ஏணியைத் தேடினான். ஜெயசித்ரா அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தாள். நாற்காலி மேல் நின்றும் எட்டவில்லை. வாசலைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து படி மாதிரி அடுக்கினான். பரணில் ஏறி, பித்தளை அண்டாவைத் தாண்டித் தவழ்ந்து, அறைக்குள் குதித்தான். கம்ப்யூட்டரை ஆன் செய்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது.

போன் அடித்தது.

"என்னங்க, மூட்டையெல்லாம் உள்ள வந்துடுச்சா?"

இளவழகனுக்கு மெல்லப் புரிந்தது. "ஏணியக் குடுத்தது இதுக்குத்தானா?"

"ஆமா. அந்தப் பூட்டும் சும்மாதான் தொங்குது. அமுக்கவே இல்ல."

"அடிப்பாவி! நான் இழுத்துப் பாத்திருந்தா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து பக்கத்துல ஒக்காந்து பாக்குறேன். எந்த கேம்லங்க நீங்க மொதல்ல கதவ இழுத்துப் பாத்திருக்கீங்க?"