புகைபோக்கி

காளீஸ்வரன் போர்க்கப்பல் கட்டுகிறார். அச்சகத்தில் சூப்பர்வைசர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் கப்பல். வெட்டிய துண்டுகள் பறந்துவிடுமாம், மின்விசிறியை நிறுத்திவிட்டார். தகரக் கூரை காய்கிறது. அச்சடித்துக் கழித்துப்போட்ட பெட்டி அட்டைதான் இரும்பு. கப்பலின் அடிவயிற்றில் கம்பி மத்தாப்புப் படம் தெரிகிறது. புகைபோக்கிக்காக அவர் சுருட்டும் மூன்றாவது அட்டையும் நடுவில் முறிகிறது. “அட்டை சரியில்ல” என்கிறார். வாசல்படியில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருக்கும் அவர் மனைவி வேல்விழி, உருட்டும் கம்பியைக் கீழே வைக்கிறாள். “பதினெட்டு வருசமா அட்டைய வச்சுத்தான் சோறு திங்கிறீக. நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்க மாட்டீகளா?” இன்னொரு துண்டை நார் நீளவாக்கில் வரும்படி திருப்பி வைத்து, ஒரே உருட்டில் குழாயாக்கி, மைதாப் பசை தடவி, கப்பலின் மேல்தளத்தில் நிறுத்தி, விரலால் பிடித்துக்கொள்கிறாள். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் கலந்த மயில்துத்தம் ஏறி அவளுடைய நகக்கண்கள் நீலமாக இருக்கின்றன. அவர் செல்போனை உயர்த்துகிறார். ஆபீஸ் குரூப்புக்கு அனுப்ப, ‘முழுக்க நானே கட்டியது’ என்று காலையிலேயே அடித்து வைத்தாயிற்று. “விரல எடு. படத்துல விழுது.” வேல்விழி அவரை ஒருமுறை பார்க்கிறாள். பசை காயக் கால்மணி நேரமாவது ஆகும். விரலை எடுத்துவிடுகிறாள்.