கடைவாய்ப்பல் கேட்ட கேள்வி

பள்ளிச் சிறுமி மாதங்கியின் வாயில், பால்பற்களுக்குப் பின்னால் புதிய கடைவாய்ப்பல் ஒன்று முளைத்தது. முளைக்கும்போதே அதன் தலையில் சுண்ணாம்பைப் போல உதிரும் வெளிர்புள்ளி ஒன்று இருந்தது. மிட்டாய்ச் சாறு அதில் இறங்கும்போதெல்லாம் அது துடித்தது.

"பயமாயிருக்கிறது, அண்ணே!" என்றது கடைவாய்ப்பல்.

பக்கத்தில் குழி விழுந்து நின்ற பால்பல் சிரித்தது. "போடா பயந்தாங்கொள்ளி! நாம் விழுந்தால் இன்னொருவன் முளைப்பான். என்னைப் பார், ஒரு நாளாவது கவலைப்பட்டேனா?"

மாதங்கியும் தாயிடம் முறையிட்டாள். "அம்மா, பின்னாடி பல்லு கூசுது."

"பால்பல்லுதானேடி! விழுந்து முளைச்சிடும்."

"கேட்டாயா?" என்றது பால்பல்.

கடைவாய்ப்பல் அதை நம்பி அடங்கியது. புள்ளி குழியாயிற்று, குழி வேரை நோக்கி இறங்கிற்று.

ஆண்டுகள் சென்றன. ஒருநாள் பால்பல் ஆடத் தொடங்கியது. "என் அடியில் ஒருவன் முட்டுகிறான்!" என்று குதூகலித்தது.

"என் அடியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், அண்ணே. இனி என்னால் வலி தாங்க முடியாது."

பால்பல் சாய்ந்து எட்டிப் பார்த்தது. அங்கே எலும்பைத் தவிர எவருமில்லை; அது பால்பல்லே அல்ல. அதன் சிரிப்பு நின்றது.

"சொல்லுங்கள், அண்ணே!"

அதற்குள் மாதங்கி பால்பல்லைப் பிடுங்கி, புதுப்பல் வேண்டிக் கூரைமேல் எறிந்துவிட்டாள்.