கீழப்பழுவூருக்குப் பிளே ஆஃப்

“கீழப்பழுவூர் மகளிர் அணி, பிளே ஆஃப்!” என்று மைக்கில் சொன்னதும் பரிமளா முழங்காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

மோட்டார் ஆஃப். கரண்ட் ஆஃப். இப்போது பிளே ஆஃப். இதில் போய்க் கேட்க என்ன இருக்கிறது?

அந்தத் தை மாதம் அரியலூரில் நடந்த கபடிப் போட்டிக்கு எட்டு ஊர்ப் பெண்கள் வந்திருந்தார்கள். இரண்டு மைதானம், மைதானத்துக்கு நான்கு அணி. பரிமளாவின் அணி மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்திருந்தது. போன இரண்டு வருடமும் ஒன்றைக்கூட ஜெயிக்காமல் ஊர் திரும்பியவர்கள்.

இரண்டு ஜெயித்தும் போதவில்லை போலிருக்கிறது.

ஏழு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். ஜானகி மட்டும் அழுதுகொண்டே வந்தாள்.

கீழப்பழுவூர் வழியாகப் போகும் தஞ்சாவூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஆறு பேர் ஏறிவிட்டார்கள். பரிமளா படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பரிமளாவைவிட நான்கைந்து வயது மூத்தவள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

“கீழப்பழுவூர் டீம்தான நீங்க? எங்க கெளம்பிட்டீங்க?”

“ஆட்டத்தத்தான் ஆஃப் பண்ணிட்டாங்களேக்கா. வூட்டுக்குப் போறோம்.”

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அய்யோ, அந்த ஆஃப் இல்லம்மா! மேல வந்த நாலு டீமும் மோதுறதுக்குப் பேருதான் பிளே ஆஃப். ஜெயிச்சா ஃபைனல், தோத்தா வூடு. பத்து நிமிசத்துல நீங்க வரலன்னா எதுத்த டீமு ஜெயிச்சதுன்னு எழுதிடுவாங்க. எறங்குங்க!”

பரிமளாவுக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. பிறகு பஸ்ஸின் தகரத்தை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

“எறங்குங்கடி! நாம தோக்கலடி!”

கண்டக்டர் திட்டியது யார் காதிலும் விழவில்லை.

சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே புகுந்து ஓடினார்கள். கடைத்தெருவில் ஜானகியின் செருப்பு அறுந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

மைதானத்தில் நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசில் உதட்டுக்குப் போய்விட்டது. ஏழு பேரும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து விழுந்தார்கள்.

எதிரே ஜெயங்கொண்டம் அணி. அதுவரை ஒரு ஆட்டத்திலும் தோற்காதவர்கள்.

கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் இருபத்திரண்டு புள்ளி. பரிமளா கபடி பாடிக்கொண்டு போனாள். ஒரு காலைத் தொட்டாள். பிடிக்கப் பாய்ந்தவளின் கைக்கு அகப்படாமல் துள்ளி, நடுக்கோட்டில் வந்து குப்புற விழுந்தாள்.

இருபத்து மூன்று.

ஆறு பேரும் அவள்மேல் விழுந்து கத்தினார்கள். பரிமளாவின் வாயெல்லாம் மண், வாயெல்லாம் சிரிப்பு.

ஜெயங்கொண்டத்தின் கேப்டன் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். கடைசியாகப் பரிமளாவின் கை பட்டது அவள் காலில்தான். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்து அவர்களைக் கூப்பிடாமல் இருந்திருந்தால், அவள் ஆடாமலேயே ஃபைனலுக்குப் போயிருப்பாள்.

“ஃபைனல்லயும் இப்புடியே ஆடுங்கடி” என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.