ஒரே மூச்சில்

காலை வெயில் சன்னல் வழியாக விழுந்து, நகராத உடற்பயிற்சி சைக்கிளின் மிதிகட்டையில் மின்னுகிறது. மாவுக்கட்டுப் பிரித்த காலோடு மிதிக்கிறாள் பஸ் கண்டக்டர். இன்று மூச்சு சீராகும்வரை நிறுத்தாமல் மிதித்துக் காட்டினால்தான் பிசியோதெரபிஸ்ட் அவளை வேலைக்கு அனுப்புவார். தினமும் தொடை எரிந்ததும் கடிகாரத்தைப் பார்த்து இறங்கிவிடுகிறாள். அதனால் கடிகாரத்தை அவர் இன்று துண்டால் மூடிவிட்டார். தசை முதலில் தன்னிடமுள்ள சக்திக் கையிருப்பைச் செலவழிக்கிறது. பிறகு, ஆக்சிஜன் போதாமல் சர்க்கரையை அவசரமாக உடைக்கிறது. அதுதான் இந்த எரிச்சல். இதயம் வேகம் பிடித்து ஆக்சிஜனைக் கொண்டு சேர்த்துவிட்டால், அதே சர்க்கரை பல மடங்கு சக்தி தரும். “எரி… யுது… சார்.” “பேச்சு உடையுது பாருங்க, காத்து இன்னும் வந்து சேரல. மெதுவா மிதிங்க, நிறுத்தாதீங்க.” சுவரோரம் நிற்கும் அவள் புருஷன் சிரிக்கிறான். “கல்யாணம் ஆனதுலேருந்து இவ பேச்சு தடுமாறி இன்னைக்குத்தான் பாக்குறேன், சார்.” மிதிகட்டை சுற்றுகிறது. வியர்வை மூக்கு நுனியில் தொங்கி, விழுகிறது. தோள்கள் தளர்கின்றன, மூச்சு சீராகிறது. “சிரிங்க, நல்லா சிரிங்க, நாளைக்கு என் பஸ்ல டிக்கெட் எடுக்காம ஏறுனா புருஷன்னுகூடப் பாக்காம நடுவழியில எறக்கி விடுறேன்!” பிசியோதெரபிஸ்ட் துண்டைத் தூக்கிப் பார்க்காமலே, சான்றிதழில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுக்கிறார்.