கடைசி வரி

"தம்பி, நீ அடிச்சுக் கொடுத்த சார்ட்டுல எழுத்தெல்லாம் சரியான அளவுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

பஸ் கம்பெனியின் ஓய்வறை மூலையில் நின்று, போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள், ஓட்டுநர்களின் கண்ணைச் சோதிக்க வந்திருந்தவள்.

"அதே நம்பர்தான்க்கா. பழைய சார்ட்டோட ஃபைல்ல எழுத்துக்கு எத்தனை பிக்சல் புள்ளியோ, அதையேதான் போட்டேன். பிரிண்ட் பளிச்சுன்னு வரணுமேன்னு ரெசல்யூஷனை மட்டும் அங்குலத்துக்கு நூத்தம்பது புள்ளியிலேர்ந்து முந்நூறா ஏத்தினேன். ஏன்?"

"காலையிலேர்ந்து ஒன்பது டிரைவர். ஒருத்தர்கூடத் தேறலைடா."

போனை வைத்துவிட்டு, மேஜையில் கிடந்த படிவங்களைப் புரட்டினாள். அவள் 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டால் அந்த ஒன்பது பேரும் இனி ஸ்டியரிங்கைத் தொட முடியாது. ஒன்பது வீட்டு அடுப்பு அவளுடைய பேனாவை நம்பி எரிந்துகொண்டிருந்தது.

வருஷக்கணக்காக இங்கே தொங்கிய பழைய சார்ட் மழையில் ஊறிப்போனதால்தான், டிசைன் கடை வைத்திருக்கும் தம்பியிடம் புதிது கேட்டு வாங்கினாள். தாளில் வெள்ளை கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. ஆறு மீட்டர் கோட்டில் நின்று அவளே படித்துப் பார்த்தாள். ஐந்தாவது வரியிலேயே திணறினாள். தன் கண்ணாடிக்கே பவர் ஏறிவிட்டதோ என்று அந்தக் கவலை வேறு சேர்ந்துகொண்டது.

"மேடம், இவர்தான் கடைசி ஆளு," என்று மேலாளர் ஒரு பெரிய மீசைக்காரரைக் கூட்டிவந்தார். "மூணு மணி பஸ்ஸுக்கு ஆளில்லை. இவரும் போயிட்டார்னா நான்தான் ஓட்டணும். எனக்கு சைக்கிளே வராது."

"கவலைப்படாதீங்க சார். முப்பது வருஷமா இந்த ரூம்லதான் டெஸ்ட் கொடுக்கறேன். ஒரு தடவைகூட ஃபெயிலானதில்லை," என்றார் மீசைக்காரர். நாற்காலியைத் தூசி தட்டுவது போலக் கையால் தடவிவிட்டு, கம்பீரமாக உட்கார்ந்தார்.

"மேலேர்ந்து படிங்க."

மனிதர் மடமடவென்று படித்தார். அவளுடைய குச்சி கடைசி வரிக்குப் போய்ச் சேருமுன்பே, "ய, ப, ர, ம, ட, ல," என்று முடித்துவிட்டார். ஒரு கண்ணை மூடச் சொன்னாள். மறு கண்ணை மூடச் சொன்னாள். ஓர் எழுத்து பிசகவில்லை.

"கழுகுக் கண்ணுய்யா உனக்கு," என்று மேலாளர் அவர் தோளைத் தட்டி அழைத்துப் போனார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சார்ட்டில் குறையில்லை, குறை அந்த ஒன்பது பேரின் கண்ணில்தான். மனசு கனத்தாலும் குழப்பம் தீர்ந்தது. ஒரு படிவத்தில் 'தகுதி', ஒன்பதில் 'தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் காத்திருந்த ஓட்டுநர் ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். "மேடம், எனக்கு இன்னொரு தடவை பார்க்கலாமா? ரெண்டு பொண்ணு படிக்குதுங்க."

"சார்ட் சரியாத்தாங்க இருக்கு. அவர் படிச்சாரே."

அவர் தலை குனிந்துகொண்டார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போது தம்பி வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். வந்த வேகத்தில் ஸ்கேலை எடுத்துச் சார்ட்டின் எழுத்தை அளந்தான்.

"அக்கா, மன்னிச்சிரு. அளவைப் பிக்சல்ல கொடுத்துட்டு ரெசல்யூஷனை இரட்டிப்பாக்கினா, தாள்ல எழுத்து பாதியாச் சுருங்கிடும். உன் போனை வெச்ச பிறகுதான் எனக்கு உறைச்சுது."

"அப்போ இவங்க ஒன்பது பேருக்கும் கண்ணு நல்லாத்தான் இருக்கா?" வந்த ஓட்டுநர் சுவரில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கும்க்கா. அந்தக் கடைசி வரியை இங்கேருந்து எந்த மனுஷனாலயும் படிக்க முடியாது. அளவு போச்சே தவிர, எழுத்தெல்லாம் பழைய சார்ட்டுல இருந்த அதே வரிசைதான்."

அவள் பதறிப்போய் வாசலுக்கு ஓடினாள்.

ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மூன்று மணி பஸ் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து தலையை நீட்டிய மீசைக்காரர், கேட்டோரம் நின்ற தண்ணீர் டிரம்முக்கு ஒரு சல்யூட் வைத்து, "ரொம்ப தேங்க்ஸ், மேடம்," என்றார்.